பெரம்பலூர், அரியலூர் நிலத்தோற்ற வரைபடங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மலை, காடு, ஆறு, ஏரிகளைக் காட்டும் நிலத்தோற்ற வரைபடங்களை (டோப்போ ஷீட்) இந்திய நில அளவைத் துறை வெளியிட்டுள்ளது. இவற்றின் அளவு 1:50,000. அதாவது படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர்.

தாள் அமைப்பு

ஒவ்வொரு தாளும் 15 கலை அகலமும் 15 கலை உயரமும் கொண்டது. 79° கிழக்குத் தீர்க்கரேகை இரு நகரங்களுக்கும் இடையே செல்வதால் பெரம்பலூர் 58 ஐ/16 தாளிலும், அரியலூர் 58 எம்/4 தாளிலும் அமைகின்றன. 11° வடக்கு அட்சரேகைக்குத் தெற்கே உள்ள கரைவெட்டி ஏரி 58 என்/1 தாளில் வருகிறது.

சிறப்புகள்

மேற்கேயுள்ள பச்சைமலையை இவ்வகைப் படம் நன்கு காட்டுகிறது. சம உயரக் கோடுகளின் நெருக்கத்தைக் கொண்டு சரிவையும், ஓடைகள் பிறக்கும் இடத்தையும் அறியலாம். காப்புக்காட்டு எல்லை, ஊர்ப்பெயர், ஏரிப்பெயர் ஆகியவையும் கிடைக்கின்றன.

குறைகள்

கிழக்கேயுள்ள ஏரிச் சமவெளியில் இதே முறை போதவில்லை. சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். ஏரிக்கரைகளின் உயரமோ சில மீட்டர்தான். கரையின் உயரம் எண்ணாகக் குறிக்கப்பட்டாலும், ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த எந்த ஏரிக்குச் செல்கிறது என்பதைக் கோடுகளிலிருந்து அறிய முடியாது. சிறு வரத்து வாய்க்கால்கள் பல இந்த அளவில் இடம்பெறுவதில்லை.

நிறக் குறியீட்டிலும் சிக்கல் உண்டு. நீர் உள்ள இடம் நீலம், வறண்ட ஓடை கறுப்பு என்பது மரபு. இங்குள்ள ஏரிகளோ வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. கரைவெட்டி ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீரும் வருகிறது. அந்த வாய்க்கால் மேற்கிலுள்ள வேறு தாளிலிருந்து வருவதால், 58 என்/1 தாளை மட்டும் பார்ப்பவருக்கு ஏரி தெரியும். அதன் நீர் வரும் வழி முழுவதும் தெரியாது.

மதிப்பீடு

கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காப்பது என்பது நீர்ப்பரப்பின் எல்லையைக் காப்பது மட்டுமன்று. வரத்து வாய்க்காலையும் காப்பதாகும். வாய்க்கால் தூர்ந்தாலும் ஆக்கிரமிக்கப்பட்டாலும் படத்தில் ஏரி நீலமாகவே இருக்கும். ஆகவே இப்படங்களை அடுத்தடுத்த தாள்களுடன் இணைத்தும், வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களுடன் ஒப்பிட்டும், மழைக்காலத்தில் நேரில் நடந்து சரிபார்த்தும் பயன்படுத்துவதே பொருத்தமானது. பச்சைமலைக்கு நம்பகமான இப்படம், ஏரிச் சமவெளிக்கு ஒரு தொடக்கப் படமே ஆகும்.