வில்லின் வேகமும் விழுக்காட்டின் மயக்கமும்

கணிப்பொறி விளையாட்டு என்றாலே காலக்கேடு என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் அத்தகைய ஆட்டம் ஒன்றின் உள்ளே பள்ளி மாணவர் அறிந்த கணிதமும் மின்னியலும் ஒளிந்திருக்கின்றன என்றால், அதைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை அல்லவா? அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டயாப்லோ 2' என்னும் ஆட்டத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். அதன் கதையையோ படங்களையோ நாம் மதிப்பிடப் போவதில்லை. அதன் கணக்கு நேர்மையானதா என்பது ஒன்றே நம் கேள்வி.

இவ்வாட்டத்தில் அமேசான் என்னும் வில்லேந்திய வீராங்கனை ஒருத்தி உண்டு. அவள் எவ்வளவு விரைவாக அம்பெய்கிறாளோ அவ்வளவு விரைவாகப் பகைவர் வீழ்வர். எனவே அவளது தாக்கு வேகத்தைக் கூட்டும் பொருள்களை ஆட்டக்காரர் தேடி அலைகிறார். 2001-இல் வந்த விரிவுப் பதிப்பில், வில்லில் பதிக்கத்தக்க கற்கள் பல சேர்க்கப்பட்டன. 'ஷேல்' என்னும் எழுத்துக்கல்லை ஆயுதத்தில் பதித்தால் தாக்கு வேகம் 20 விழுக்காடு மிகும் என்று எழுதியிருக்கும். சில மணிக்கற்களில் 15 விழுக்காடு என்றிருக்கும்.

இரு குழிகள் உள்ள வில் ஒன்று உங்களிடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்றில் ஷேலைப் பதித்துவிட்டீர்கள். மற்றொன்றில் 15 விழுக்காட்டு மணியைப் பதிக்கிறீர்கள். வேகம் இன்னும் கூடுமா? கூடாது. இம்மியளவும் கூடாது! ஏன் என்று காண்போம்.

கணக்கு நடக்கும் விதம்

திரைப்படம் தனித்தனிப் படங்களின் தொடர் என்பதை நாம் அறிவோம். இவ்வாட்டமும் அப்படியே. அதன் கடிகாரம் நொடிக்கு 25 முறை அடிக்கிறது. ஓர் அடிப்பின் காலத்தைச் 'சட்டம்' என்று அழைப்போம். ஒரு சட்டம் என்பது 0.04 நொடி. அரைச் சட்டம், கால் சட்டம் என்பவை இவ்வாட்டத்தில் இல்லை.

அமேசான் அம்பெய்யும் அசைவு 14 படங்களால் ஆனது. கணிப்பொறி ஒவ்வொரு படத்தையும் 256 கூறுகளாகக் கொள்கிறது. ஆக, முழு அசைவின் நீளம் 3,584 கூறுகள். வேகம் எதுவும் சேராதபோது ஒரு சட்டத்தில் 256 கூறுகள் கடக்கப்படும். அசைவு முடிய 14 சட்டங்கள் ஆகும். அதில் ஒன்றைக் கழித்து, ஓர் அம்புக்கு 13 சட்டங்கள் என்பது ஆட்டத்தின் விதி. வில்லின் இயல்பு வேகம் கூட்டலோ குறைத்தலோ இன்றிப் பூச்சியமாக இருக்கும்போது இக்கணக்குப் பொருந்தும்.

இனி, பொருள்களில் எழுதியுள்ள விழுக்காடுகளைக் கூட்டி அதை x எனக் கொள்க. ஆட்டம் இந்த x-ஐ அப்படியே ஏற்பதில்லை. 120-ஐ x-ஆல் பெருக்கி, 120-உம் x-உம் சேர்ந்த தொகையால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிடுகிறது. இந்தச் சூத்திரத்தை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? 120 ஓம் மின்தடையும் x ஓம் மின்தடையும் இணையாக இணைக்கப்பட்டால் கிடைக்கும் தொகுபயன் மின்தடை இதுவே! x-ஐ எவ்வளவு பெருக்கினாலும் விடை 120-ஐ எட்டாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். போதாதென்று, விடை 75-க்கு மேல் போகக்கூடாது என்று ஆட்டம் ஒரு வரம்பும் கட்டியிருக்கிறது.

ஷேல் மட்டும் உள்ள வில்லைக் கணக்கிடுவோம். 120 × 20 ÷ 140 = 17.14, பின்னம் நீங்க 17. அதாவது 256 கூறுகள் 17 விழுக்காடு மிகுந்து 299.52 ஆகின்றன, மீண்டும் பின்னம் நீங்க 299. 3,584 ÷ 299 = 11.99. இம்முறை மேல்நோக்கி முழுமையாக்கினால் 12. ஒன்று கழிய 11 சட்டங்கள். 13 சட்டங்கள் 11 ஆயின, நல்ல பயன்தான்.

மணியும் சேர்ந்தால் x = 35. 120 × 35 ÷ 155 = 27.09; ஆகவே 27. கூறுகள் 325. 3,584 ÷ 325 = 11.03. மேல்நோக்கி முழுமையாக்கினால் 12. ஒன்று கழிய அதே 11 சட்டங்கள்! 0.03 அளவு மிகுந்ததால் 15 விழுக்காடு முழுதும் வீணாயிற்று. பேருந்து புறப்பட்ட மறுகணம் நிலையத்துக்கு ஓடிவந்தவரின் நிலை இது. x = 37 ஆனால் போதும், விடை 10 சட்டங்கள் ஆகிவிடும். மணிக்குப் பதில் இன்னொரு ஷேல் பதித்திருந்தால் x = 40 ஆகி, அந்தப் பேருந்தைப் பிடித்திருப்பீர்கள்.

இந்த வில்லுக்குரிய படிகள் இவை:

0 – 13 சட்டங்கள்
9 – 12 சட்டங்கள்
20 – 11 சட்டங்கள்
37 – 10 சட்டங்கள்
63 – 9 சட்டங்கள்
105 – 8 சட்டங்கள்
200 – 7 சட்டங்கள்

வரைபடத் தாளில் இதை வரைந்தால் சாய்கோடு வராது, படிக்கட்டு வரும். ஏறஏறப் படிகள் அகன்றுகொண்டே போவதையும் காணலாம். முதல் படியேற 9 விழுக்காடு போதும். இறுதிப் படியேற 95 வேண்டும். 200 விழுக்காடு மிகுதி என்றால் மும்மடங்கு வேகம் என்றுதான் யாரும் எண்ணுவர். உண்மையில் நொடிக்கு 1.92 அம்புகள் 3.57 ஆகின்றன. இது இரு மடங்குக்கும் குறைவே.

குறையும் நிறையும்

படிக்கட்டு இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. முழு எண்களைக் கொண்டு இயங்கும் எந்தப் பொறியிலும் அது தவிர்க்க இயலாதது. வேகம் எல்லையின்றிப் பெருகாமல் தடுக்கும் சூத்திரமும் அறிவுடையதே. அது இல்லையேல் ஆட்டம் சில நாளில் சலித்துவிடும். என் குற்றச்சாட்டு வேறு. பொருளின்மீது விழுக்காட்டை அச்சிட்டவர்கள், அதனால் விளையும் பயனை எங்கும் அச்சிடவில்லை. ஆயுதத்தின் மேல் 'விரைவு', 'மிக விரைவு' என்ற சொற்களே காணப்படும். ஓர் அம்புக்கு எத்தனை சட்டம் என்ற எண் கிடையாது. பதித்த மணியைப் பின்னர் எடுக்க முயன்றால் அது அழிந்துபோகும். திருத்த முடியாத முடிவை ஒருவர் எடுக்கவேண்டிய இடத்தில், அதற்கு வேண்டிய எண்ணை மறைத்து வைப்பது முறையா?

'மறைபொருள் இருந்தால்தானே சுவை' என்று சிலர் வாதிடக்கூடும். சூத்திரம் மறைந்திருக்கட்டும், விளைவு மறையலாமா? சமையல் முறையைச் சொல்லாவிட்டாலும் உணவின் விலையைச் சொல்லத்தானே வேண்டும். இதே வரிசையில் 2012-இல் வெளிவந்த மூன்றாம் ஆட்டத்தில், நொடிக்கு எத்தனை தாக்குதல் என்ற எண்ணை ஆயுதத்தின் மீதே எழுதினார்கள். அதனால் சுவை கெட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் ஆட்டம் 2021-இல் புதுப்பிக்கப்பட்டபோது படங்கள் மெருகேறின. உள்ளே ஓடும் கணக்கோ அதே 25 அடிப்பில் நின்றது.

பாராட்ட வேண்டியவர்கள் ஆட்டக்காரர்களே. நிறுவனம் சொல்லாததை அவர்கள் தாமே அளந்தும் ஆராய்ந்தும் சூத்திரத்தைக் கண்டனர், அட்டவணைகள் வகுத்தனர். அறிவியல் நடக்கும் வழியும் அதுதான்.

நீங்களும் முயன்று பாருங்கள். x = 62, x = 63 ஆகிய இரண்டுக்கும் சட்டங்களைக் கணக்கிடுங்கள். ஒரே ஒரு விழுக்காடு ஒரு முழுச் சட்டத்தைக் குறைப்பதைக் காண்பீர்கள். அடுத்த முறை எங்கேனும் '20 விழுக்காடு மிகுதி' என்று கண்டால், எதில் 20 என்றும், முடிவில் கைக்கு வருவது எவ்வளவு என்றும் கேட்கத் தோன்றும். அக்கேள்வி எழுந்தால், இந்த ஆட்டத்துக்குச் செலவிட்ட நேரம் வீண்போகவில்லை.