25 சதுர மீட்டரின் தீர்ப்பு

நெல் வயலில் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் பிடிக்கிறார்கள். அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இவ்வளவுதான். பயிர்க் காப்பீட்டில் ஒரு கிராமத்துக்கு இழப்பீடு உண்டா, இல்லையா என்பது பெரும்பாலும் இந்த எடையில்தான் முடிவாகிறது.

இதற்கு முன்பு அணாவாரி. அதிகாரி வரப்பில் நின்று பார்த்து, பத்தணா, பன்னிரண்டணா என்று எழுதிவிடுவார். அந்தக் கண்மதிப்பில் அனுபவமும் இருந்தது, முகதாட்சண்யமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க வழியில்லை. 1940களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் வளர்த்தெடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு அந்த வழியை உண்டாக்கியது. எந்த சர்வே எண், வயலுக்குள் எந்த இடம் என்பதை ரேண்டம் எண்களே சொல்லும். செழித்த இடத்தைத் தேடிப் போகவும் முடியாது, காய்ந்த இடத்தைக் காட்டவும் முடியாது.

அந்த இருவருமே துண்டின் அளவில் ஒத்துப்போகவில்லை. மகலனோபிஸ் சிறிய துண்டை நம்பினார். துண்டு சிறுத்தால் ஓரத்துத் தூர்களும் உள்ளே சேர்ந்து, மகசூல் கூடுதலாகத் தெரியும் என்றார் சுகாத்மே. பிடிவாதமாகத் தோன்றலாம், கணக்குப் போட்டால் புரியும். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. துண்டில் ஒரு கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். கிராமத்துக்கு நான்கே துண்டு என்றால், அவற்றில் ஒன்றில் மட்டும் கூடினாலும் சராசரியே 100 கிலோ ஏறிவிடும். ஈரநெல்லை அப்படியே எடை போட்டாலும் இதே கதை. மகசூல் கூடத் தெரிந்தால் இழப்பீடு குறையும்; ஏறுவதெல்லாம் விவசாயிக்கு எதிராகத்தான்.

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இந்தச் சராசரியை, முந்தைய ஆண்டுகளின் மகசூலிலிருந்து வரும் வரம்போடு ஒப்பிடுகிறது. வரம்புக்குக் கீழே எந்த விகிதத்தில் குறைந்ததோ, அந்த விகிதத்திலேயே அந்தப் பயிரைக் காப்பீடு செய்த எல்லாருக்கும் இழப்பீடு. கடைமடையில் கருகியவருக்கும் தலைமடையில் முழுதாக அறுத்தவருக்கும் ஒரே விகிதம்! இதை அநியாயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வயலையும் அளக்க ஆளில்லை. தன் வயலைக் கவனிக்காமல் விட்டு இழப்பீடு வாங்கும் ஆசைக்கும் இடமில்லை. ஊரையே வாட்டும் வறட்சிக்கு இந்த முறை பொருந்தும். ஆனால் கிராமம் எவ்வளவு விளைந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, இந்த விவசாயி எவ்வளவு இழந்தார் என்ற கேள்விக்கும் விடையாக்குவதுதான் கோளாறு. புள்ளிவிவரத்தைத் திட்டிப் பயனில்லை.

2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் மதிப்பீட்டையும் சேர்க்கிறார்கள். மனிதக் கையின் தவறு குறையலாம். ஆனால் பசுமையைப் படிக்கும் அளவுக்கு, பூக்கும் நேரத்து மழையில் பதராகிப்போன கதிரை அது எளிதில் பிடிக்காது.

நான்கு துண்டுகளின் எடை, நெல்லின் ஈரப்பதம், வரம்பு மகசூல் எல்லாவற்றையும் இழப்பீடு முடிவாகும் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எண் தவறென்றால் ஊரே அங்கு வந்து கேட்கட்டும்.