உருவகம் கலைந்த திரை

கணினித் திரையின் தோற்ற மாற்றங்களை வெறும் நாகரிக மாற்றம் என்று கடந்து செல்வோர் பலர். அணியிலக்கணம் பயின்றோர் அவற்றை ஓர் உருவகத்தின் வரலாறாகவும் நோக்கலாம். 1981இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினி, அலுவலக மேசையையும் கோப்புறையையும் திரைமேல் ஏற்றியது. அவ்வுருவகம் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் மிகையின் எல்லையைத் தொட்டது. குறிப்பேட்டிற்குக் கோடிட்ட மஞ்சள் தாள், நூல்களுக்கு மரத்தட்டு, 2011இல் மேக் நாள்காட்டிக்குத் தோலுறை; தாள் கிழித்த தடம்கூட அதில் இருந்தது!

2010இல் மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் போன் 7 தட்டையான வண்ணக் கட்டங்களை முன்வைத்தது. 2013இல் ஐஓஎஸ் 7 பழைய ஒப்பனைகளைப் பெரும்பாலும் களைந்தது. ஆயின் அவற்றோடு பொத்தானின் விளிம்பும் நிழலும் சேர்ந்தே மறைந்தமை கருதத்தக்கது. தோலுறை வெறும் அணி. விளிம்போ பொருளுணர்த்தும் உறுப்பு. அஃது இன்றேல் படிக்கும் சொல் எது, அழுத்தும் சொல் எது என்பது விளங்காது. 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பு, பொத்தான் வடிவத்தை மீட்கும் விருப்பத்தேர்வை அமைப்புப் பகுதியில் வைத்தது. அதனைத் தேடிச் செல்லும் திறனுடையோர்க்கு அது பெரிதும் வேண்டுவதன்று. வேண்டும் முதியோரோ அங்குச் செல்வதரிது.

அதே ஆண்டு கூகுள் அறிவித்த மெட்டீரியல் டிசைன், எது மேலடுக்கு என்பதை நிழலால் உணர்த்தியது. இதுவே செம்மையான வழி என்பது என் துணிபு. 2025இல் ஆப்பிள் கொணர்ந்த லிக்விட் கிளாஸ் கண்ணாடித் தோற்றத்தில் பின்னணியும் எழுத்தும் மயங்கின. அவ்வாண்டே 26.1 பதிப்பில் அடர்த்தி கூட்டும் தேர்வு தரப்பட்டது. அதுவும் அமைப்புப் பகுதியிலேயே.