மலையேறும் எடை

மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். எடை குறைந்த மலைத் துப்பாக்கியில் என்னென்ன பாணிகள் உண்டு, எதை உயர்வென்று கொண்டார்கள், நம் மன்றம் எந்த வழியில் வந்தது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தலைவர் ஐயா, "படிக்கிறவர்கள் நம் ஆட்கள்தான், அரிச்சுவடி வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிட்டார். நியூசிலாந்துத் தென்தீவின் மலைகளில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவர்களுக்கு அரைக் கிலோவின் அருமையை நான் விளக்கவும் வேண்டியதில்லை.

மூத்தது ஆஸ்திரியப் பாணி. 1903ஆம் ஆண்டு மான்லிக்கர்-ஷோனவர்: 45 சென்டிமீட்டர் குழல், குழல்வாய் வரை நீண்ட கட்டை, சுழலும் மேகசின், 6.5 மில்லிமீட்டரில் 160 கிரெயின் நீளக் குண்டு. எடை ஏறக்குறைய 3 கிலோ. ஸ்கோப் பரவலாவதற்கு முன்பே ஷமோய் ஆட்டுக்கென்று இவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள். நம் மலைகளில் ஓடும் ஷமோய்கள் 1907இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் அனுப்பிவைத்த சீர்வரிசை என்பதால், அந்தத் துப்பாக்கி பிறந்த ஷ்டைர் நகரத்துப் பட்டறைக்கும் நமக்கும் சம்பந்தி உறவே உண்டு. ஆனால் வாய்வரை போகும் அந்த மரக்கட்டை நம் மேற்குக் கரை மழைக்கு ஆகாது. மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மரம் ஊறி உப்பிக் குழலை ஒரு பக்கம் தள்ளும். காலையில் சரியாக இருந்த குறி மாலையில் வேறு எங்கோ போயிருக்கும்.

லண்டன் பாணியைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. ரிக்பியின் .275 என்பது மவுசரின் 7×57 தோட்டாவேதான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகத் தந்தது அந்த வகைத் துப்பாக்கி என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை. நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பாணியில் வேட்டையாடிய ஸ்காட்லாந்துச் சீமான்களுக்குத் துப்பாக்கியைத் தூக்கிவர ஓர் ஆள், விழுந்த மானை ஏற்றிவர ஒரு மட்டக்குதிரை. தான் சுமக்காதவன் வகுத்த எடையை நாம் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

அமெரிக்க மேற்குப் பாணி சுமந்தவர்களின் பாணி. காட்டுச்செம்மறி வேட்டைக்கு .270 வின்செஸ்டர்தான் என்று ஜாக் ஓ'கானர் பத்திரிகைகளில் விடாமல் எழுதி ஒரு தலைமுறையையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தவர் ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன். வின்செஸ்டரின் மாடல் 70 ஃபெதர்வெயிட் 1952இல் வந்தது. 22 அங்குல மெல்லிய குழல், விசைக்காப்பும் மேகசின் மூடியும் அலுமினியம். எங்கே எஃகு வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்த்துக் கழித்த வேலை அது. ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்து 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், என்பது அந்த வட்டாரத்தின் கணக்கு. எல்லாம் சேர்த்து என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் அதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்த புரட்சி 1980களில் மேற்கு வர்ஜீனியாவில். மெல்வின் ஃபோர்ப்ஸ் ஆக்‌ஷனையே சின்னதாக வரைந்து 20 அவுன்ஸில், 570 கிராமுக்குள், முடித்தார். வால்நட் கட்டை ஒரு கிலோவைத் தொடும் இடத்தில் கெவ்லாரும் கிராஃபைட்டும் சேர்த்து அரைக் கிலோவுக்கும் குறைவாக ஒரு கட்டை. இதைவிடப் பெரிய துணிச்சல் பெடிங்கில். குழல் கட்டையைத் தொடவே கூடாது, இடையில் ஒரு தாள் ஓட வேண்டும் என்று எல்லாரும் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், குழலை முழுநீளத்துக்கும் கட்டையில் படியவைத்தார். கட்டை குழலைவிட விறைப்பாக இருந்து, மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் இருந்தால், மெல்லிய குழலின் அதிர்வை அதுவே அடக்கிவிடும். மரத்தில் இது நடக்காது. இந்தத் தர்க்கம் புரியாமல் மலிவு பிளாஸ்டிக் கட்டையில் இதைச் செய்துபார்த்து, ஃபோர்ப்ஸ் சொன்னது பொய் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதிடுவதில்லை.

இனி நம் பாணி. இதற்குப் பட்டறைப் பெயர் கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. 1930களிலிருந்து அரசாங்கச் சம்பளத்துக்கு மலைமலையாக அலைந்து மான் சுட்டவர்களின் கைவேலை இது. அவர்களுக்குக் கிடைத்தது .303 லீ-என்ஃபீல்டு, ஏறக்குறைய 4 கிலோ. கொட்டகையில் ரம்பமும் அரமும் இருந்தன. எதைக் கழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவை அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றுக்கொண்டார்கள். அந்த வழியில் வந்த கடைசிக் கைகளில் ஒன்று, மேற்குக் கரையில் ஹோக்கிடிகா பக்கம் கொட்டகை வைத்திருந்த நம் மாஸ்டர். மூத்த உறுப்பினர்களுக்கு அவரைத் தெரியும். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாத வெள்ளைக்காரக் கிழவரை நாங்கள் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

.303இன் முன்கட்டையைக் குறுக்குவது யாருக்கும் முடியும். குறுக்கிய பிறகு அது சுட வேண்டுமே! அந்தத் துப்பாக்கியின் உயிர், முன்கட்டையின் பின்முனையில் ஆக்‌ஷனின் உதையைத் தாங்கும் இரண்டு சின்ன மரத்தோள்களில் இருக்கிறது. மாஸ்டர் மண்ணெண்ணெய் விளக்கைத் திரி தூக்கி ஏற்றி, எஃகைப் புகைமேல் காட்டிக் கரி படியவைப்பார். கட்டையில் வைத்து அழுத்தி எடுப்பார். மரத்தில் கரி ஒட்டிய இடம் மட்டும் உளியால் ஒரு சுரண்டல், மெல்லிய தாள் கனத்துக்கு. மறுபடி புகை, மறுபடி அழுத்தல். இரண்டு தோளிலும் கரி ஒரே சீராகப் படியும்வரை சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அறுத்த குழலின் வாயைச் சீர்செய்ய அவரிடம் லேத் இல்லை. உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்றைக் கை டிரில்லில் பூட்டி, வால்வு தேய்க்கும் பேஸ்டைத் தடவி, டிரில்லை வட்டமாக அசைத்துக்கொண்டே சுழற்றுவார். குழல்வாயைச் சுற்றி வெள்ளிக் கம்மல் போல ஒரு வளையம் தெரியும். அது எங்கும் ஒரே அகலமாக இருந்தால் முடிந்தது.

பின்னாளில் ஃபின்லாந்தின் டிக்கா துப்பாக்கி வந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. 2.9 கிலோவில் இப்படியொரு குழலைத் தொழிற்சாலையே தருகிறதென்றால் தனக்கு வேலை குறைவு என்றார். எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஒரே வரிசைதான்: முதலில் ஸ்கோப்பில் குறை, பிறகு கட்டையில், பிறகு குழலில். ஆக்‌ஷனில் கடைசியாக, முடிந்தால் வேண்டாம். பின்பக்கம் அதிகம் கழித்தால் மூக்கு கனக்கும், முன்பக்கம் அதிகம் கழித்தால் மூச்சு வாங்கும்போது குழல்வாய் காற்றில் அலையும். ஆக்‌ஷனின் முன் திருகுக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்தால் துப்பாக்கி படுத்து நிற்க வேண்டும். 3.6 கிலோவை 2.4 ஆக்கினால் அதே தோட்டாவின் உதை ஒன்றரை மடங்கு என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே லேசான துப்பாக்கியில் பெரிய மேக்னம் தோட்டா போடுவதை அவர் ஏற்கவில்லை. .308, 7மி.மீ-08 போதும். தார் கிடாவுக்கும் அதுவே தாராளம். (நீலகிரியில் அதன் தூரத்து உறவான வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, தொட்டால் சிறை. இங்கே 1904இல் கொண்டுவந்து விட்ட இமாலயத் தாரோ பனிமலைச் செடிகளை மேய்ந்து தீர்க்கிறது, சுட்டுக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் மாறினால் விதி மாறுகிறது.)

குறி பார்ப்பதிலும் அவர் அளவுகோல் தனி. மெல்லிய குழல் மூன்றாவது வேட்டிலேயே சூடேறி விலகத் தொடங்கும். அதனால் அட்டையில் ஐந்து ஓட்டையை நெருக்கமாகக் காட்டினால் அவர் பார்க்கமாட்டார். குளிர்ந்த குழலில் முதல் குண்டு, வெவ்வேறு நாட்களில், ஒரே அட்டையில். அந்த அட்டையை மட்டும் வாங்கிப் பார்ப்பார்.

இன்றைய நிலையைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இளைஞர்களில் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், மன்றத்துக்காக அவர்கள் உழைப்பதை நான் மதிக்கிறேன். கார்பன் சுற்றிய குழலையும் நான் பழிக்கவில்லை. ஆனால் உள்ளே எஃகு இருக்கிறது, மெலிந்த எஃகுக் குழலைவிட அது பல நேரம் கனம்தான் என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்? சப்ரஸரும் இந்த நாட்டில் தடையில்லாத நல்ல பொருள். குழலை 16, 18 அங்குலத்துக்குக் குறைத்துக்கொண்டால் அது பொருந்தவே செய்கிறது. என் வருத்தம் வேறு. ஒருவர் "என்னுடையது 2.3 கிலோ" என்கிறார். அது விலைப்பட்டியல் எடை. அதன்மேல் 850 கிராம் ஸ்கோப், 150 கிராமுக்கு வளையமும் தண்டவாளமும், 400 கிராம் சப்ரஸர், இன்னொரு 400க்கு இருகால் தாங்கி, மேகசினும் தோட்டாவும் 250, வார் 120. கூட்டிப் பாருங்கள், 4.47 கிலோ. எதைக் கனம் என்று ரம்பத்தால் அறுத்தார்களோ, அந்த .303ஐவிடக் கனம்!

மாஸ்டர் காலத்தில் இது நடந்திருக்காது. நம் மன்றக் கொட்டகையில், மான் தொடை எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று உத்திரத்தில் தொங்கியதை மூத்தவர்கள் அறிவார்கள். புதுத் துப்பாக்கி வந்தால் ஸ்கோப், வார், நிறைந்த மேகசின் எல்லாவற்றோடும் முதலில் அதில் தொங்கும். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எடை. "மலையேறும் எடை" என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் பேச்சே. அந்தத் தராசைப் பொங்கல் விழாவில் பூசணிக்காய் எடையை ஊகிக்கும் போட்டிக்கு எடுத்துப்போனார்கள். திரும்பி வரவில்லை. நான் செயற்குழுவில் கேட்டேன். விழாக் குழுவைக் கேளுங்கள் என்றார்கள். விழாக் குழு, அது சமையல் குழுவின் பொறுப்பு என்றது. தராசு போன பிறகு எடை வாய்க்கு வந்தபடி ஆயிற்று. எடை வாய்க்கு வந்தபடி ஆனதும் தூரமும் ஆயிற்று. 200 மீட்டருக்கு நெருங்கிப் போகச் சோம்பல்பட்டு 600 மீட்டரில் சுட்டேன் என்று கொட்டகையில் உட்கார்ந்து சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு சிறுவர்கள் இருக்கிறார்கள். காயம்பட்டுப் போன மிருகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அட்டைகளில் தேதி எழுதும் வழக்கம் நின்றது. வருடாந்தரப் போட்டிக் கோப்பை இரண்டு வருடம் துலக்கப்படாமல் கிடந்ததும் இதே காலத்தில்தான். இவற்றுக்கும் தராசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், தராசு தொங்கிய காலத்தில் கொட்டகைக்கு வராதவர்கள்.

எனவே வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவர இருக்கிறேன், பொருளாளர் வழிமொழிய இசைந்திருக்கிறார். மலைத் துப்பாக்கிப் பிரிவில் போட்டியிடும் எதுவும் முழுச் சுமையோடு எடைபோடப்பட்டு 3.6 கிலோவுக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த குழலில் முதல் குண்டு மட்டுமே மதிப்பெண்ணுக்குச் சேரும். கொக்கித் தராசு எந்த வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தாலும் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் சேர்ப்பித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். யார் கொண்டுவந்தார் என்று கேட்கமாட்டோம்.