துரை தோற்ற பிறகு

ஐம்பத்திரண்டு சீட்டு, இரண்டு பகடை, கையால் எழுதிய விதிகள் இரண்டு பக்கம். பெஸ்தாரி ஜெயாவைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் உருவாக்கியிருக்கும் தோட்ட விளையாட்டு இவ்வளவுதான். இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்று மாலைகள் அவர்களோடு உட்கார்ந்து ஆடினேன். ஒரு சிறுகதைத் தொகுப்பை எப்படி விமர்சிப்போமோ அப்படியே இதையும் விமர்சிக்கலாம் என்று தோன்றியது. இதிலும் கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கிறார்கள், யார் எதிரி என்ற தீர்மானம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில்தான் எனக்கு அவர்களோடு முரண்பாடு.

முதலில் இதன் மூலம். நியூசிலாந்தில் உருவான 'ரெஜிசைட்' என்ற ஆட்டத்தை எடுத்து அதன்மேல் இவர்கள் தோட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். ரெஜிசைட்டுக்குத் தனிப்பெட்டி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுக்கட்டு போதும். ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் மோதுவதில்லை. எல்லாரும் ஒரே பக்கம். எதிரில் நிற்பவை படச்சீட்டுகள் பன்னிரண்டு. ஜாக்கிக்கு உயிர் 20, அடி 10. ராணிக்கு 30, 15. ராஜாவுக்கு 40, 20. கையிலுள்ள எண் சீட்டைப் போட்டு அடிக்க வேண்டும். எதிரி சாகாவிட்டால் அது திருப்பி அடிக்கும். அந்த அடியைக் கைச்சீட்டுகளைக் கொடுத்துத் தாங்க வேண்டும். ஒருவரால் கொடுக்க முடியாமல் போனாலும் எல்லாரும் தோற்றார்கள். 'நான் மட்டும் தப்பித்தேன்' என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இவர்கள் ஜாக்கியைக் கங்காணி ஆக்கினார்கள், ராணியைக் கிராணி ஆக்கினார்கள், ராஜாவைத் துரை ஆக்கினார்கள். (கிராணிக்குள்ளேயே ராணி இருக்கிறாள் பாருங்க என்று ஒருவர் சிரித்தார்.) ஆட்டின் மருந்துக் கொட்டகை. கழித்த சீட்டுகளில் சிலவற்றை மீட்டுக் கட்டுக்குக் கொண்டுவரும். கிளாவர் சங்கம். அடி இரட்டிப்பாகும். இஸ்பேட் பக்கத்து லயத்து வீடு. எதிரியின் அடியைக் குறைக்கும். டைமன் மளிகைக் கடைக் கடன். புதுச்சீட்டு எடுக்க விடும். மூலத்தில் உள்ள நான்கு சக்திகளுக்கும் பெயர் பொருந்துகிறது, டைமனைத் தவிர. கடனாக வாங்கிய சீட்டை யாரும் திருப்பிக் கொடுப்பதே இல்லை! தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியிடமாவது இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரன் நோட்டுப் புத்தகம் எங்கே என்று முதலில் கேட்பார்.

பகடை ரெஜிசைட்டில் கிடையாது. இது இவர்களின் சொந்தச் சேர்க்கை. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் மழை. சீட்டுப் போட முடியாது, ஆனால் எதிரியின் அடியை வாங்கியே ஆக வேண்டும். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, வேலை இல்லாத நாளில் சம்பளமும் இல்லை, வயிறு மட்டும் விடுமுறை எடுக்காது. இதை விளக்கப் பல பக்கம் எழுதிய நாவல்கள் உண்டு. இங்கே ஒரு பகடை அதைச் செய்துவிடுகிறது. இரண்டாம் மாலை எனக்குத் தொடர்ந்து மூன்று முறை மழை. கையில் ஒரே சீட்டு மிஞ்சியது. "அண்ணே, உங்க வீட்ல அடுப்பு எரியாது போல" என்றார் எதிரே இருந்தவர். சிரித்தோம். ஆனால் அடுத்த அடியை நான் தாங்க வேண்டும் என்று நினைத்து இஸ்பேட்டைப் போட்டதும் அவர்தான். என்னிடம் ஒரே சீட்டுதான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது என்ன சீட்டு என்பது யாருக்கும் தெரியாது.

அந்தத் தெரியாமைதான் இந்த ஆட்டத்தின் உயிர். கூட்டுறவு விளையாட்டுகளுக்குப் பழைய நோய் ஒன்று உண்டு. மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வந்த 'பாண்டமிக்' மிகப் புகழ்பெற்றது. அதில் கையில் என்ன இருக்கிறது என்று தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். விளைவு, விவரம் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து யோசிக்க ஆரம்பித்துவிடுவார். "நீ அங்க போ, அவன் இதப் போடட்டும்." மற்ற மூவரும் கைகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு மேலைநாட்டு வடிவமைப்பாளர்கள் என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குப் புதுப்பெயர் எதற்கு? இது கங்காணித்தனம். பழைய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தலைக்காசு கிடைத்தது. மேசைக் கங்காணிக்குக் கிடைப்பது 'நான்தான் ஜெயிக்க வெச்சேன்' என்ற பெருமை.

ரெஜிசைட்டின் மருந்து மௌனம். கையில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது, சைகையும் கூடாது. போட்ட சீட்டைப் பார்த்துத்தான் ஒருவர் மனதை மற்றவர் ஊகிக்க வேண்டும். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவுப் படகில் போயிருந்தால் தெரியும். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மினுங்கும். தாளம் போடத் தலைவன் கிடையாது. பக்கத்துப் பூச்சியைப் பார்த்து ஒவ்வொன்றும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்த இளைஞர்கள் மௌன விதியைத் தளர்த்தாமல் வைத்திருப்பது நல்ல தீர்மானம். கங்காணியை மேசைக்கு எதிரே நிறுத்திவிட்டு இன்னொரு கங்காணியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் ஆட்டம் பொய்யாகியிருக்கும்.

இன்னொன்றையும் மூலத்திலிருந்து சரியாக எடுத்திருக்கிறார்கள். எதிரியைக் கூடாமல் குறையாமல் துல்லியமான புள்ளியில் வீழ்த்தினால் அந்தச் சீட்டு சாவதில்லை. கட்டின்மேல் போய் உட்கார்ந்து பிறகு நம் கைக்கே வரும். கிராணி இப்படி நம் பக்கம் வரும்போது அவர் மதிப்பு 15. மனு எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்ததுபோல. மிகையாக அடித்தால் இந்த லாபம் போய்விடும். கோபத்துக்கும் கணக்குக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தோட்டக் கதை எனக்கு நினைவில்லை.

இனி முரண்பாட்டுக்கு வருகிறேன். நான்காவது துரை விழுந்ததும் ஆட்டம் முடிகிறது. எல்லாரும் கைதட்டுகிறோம். அங்கேதான் எனக்கு உறுத்தியது. நம் சரித்திரத்தில் துரை போனபோது ஆட்டம் முடியவில்லை. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார உரிமையாளர்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வேலை போன அன்றே வீடும் போனது. துண்டாடலுக்கு முகம் இல்லை. அதற்கு உயிர் 40, அடி 20 என்று எழுத முடியாது. எதிரியை எப்போதும் ஒரு முகமாக, மீசையாக, தொப்பியாகப் பார்க்கும் பழக்கம் நம் தோட்டப் புனைவிலும் நிறைய இருக்கிறது. இந்த விளையாட்டு அதை அப்படியே வாங்கிக்கொண்டது. சிலாங்கூரின் வடக்கில் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக் தோட்டங்களின் குடும்பங்கள் வீட்டுக்காக எத்தனை காலம் காத்திருந்தன என்பது இந்த நால்வருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காத்திருப்பில் துரை எங்கே இருந்தார்?

ஆகவே நான் சொன்னது இது. துரை வீழ்ந்ததும் அந்தச் சீட்டை ஒரு துண்டு நிலமாக மேசையில் வையுங்கள். சும்மா இருக்கும் இரண்டாவது பகடையையும் சேர்த்து உருட்டி, வரும் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்குங்கள். அதுதான் விலை. 6-இலிருந்து 36 வரை மூன்றின் மடங்கு எதுவும் வரலாம், அடிக்கடி வருவது 21. ஒவ்வொருவரும் தன் கையிலிருந்து விரும்பிய சீட்டுகளைக் கவிழ்த்து உண்டியலில் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் சொல்லக் கூடாது. தொகை சேர்ந்தால் நிலம் நமது. சேராவிட்டால் துண்டு போனது, போட்ட சீட்டுகளும் போயின. இது என் கற்பனை அல்ல. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சிறு பங்குகளைச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கியது. கூட்டுறவு என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஏற்கனவே ஓர் ஆட்டவிதி இருக்கும்போது ரெஜிசைட்டின் முடிவை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

மூன்றாம் மாலை இப்படி ஆடிப் பார்த்தோம். முதல் நிலத்துக்கு விலை 24. உண்டியலைத் திறந்தபோது இருந்தது 19. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துரையிடம் தோற்றபோது அவர்கள் அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. "இது ரொம்பக் கசப்பா இருக்கு, யாரும் ரெண்டாவது தடவ ஆட மாட்டாங்க" என்று ஒருவர் எதிர்த்தார். நியாயமான எதிர்ப்பு. விலையை இரண்டால் பெருக்கினால் போதுமா என்று இன்னொருவர் தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஜோக்கர் இரண்டும் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன. ஒன்றை அரசியல்வாதியாக வைக்கலாமாம், தேர்தல் சமயத்தில் மட்டும் கட்டிலிருந்து வெளியே வருவாராம். அவருக்கு என்ன சக்தி கொடுப்பது என்பதில் நான்கு பேருக்கும் நான்கு கருத்து.