வல்லாளன் பெற்ற வரம்

சைவ எல்லப்ப நாவலர் யாத்த அருணாசல புராணத்துள் வல்லாள மகாராசன் வரலாறு கூறும் பகுதி, கற்போர் உள்ளத்தே இரண்டு ஐயங்களை எழுப்புவதாகும். முற்றுணர்வுடைய முதல்வன் ஓருயிரின் அன்பைச் சோதித்தறிய வேண்டுவதென்னை? சோதனைக்கு உட்பட்டவனுக்கு அவன் அளித்த வாக்கு எவ்வாறு நிறைவேறிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணாது அவ்வரலாற்றைப் போற்றுதல் மாத்திரையே நூலாராய்ச்சியாகாது.

அண்ணாமலையை ஆண்ட வல்லாளன் மகப்பேறில்லாதவன். இரப்பார்க்கு இல்லையென்னாத விரதம் பூண்டவன். இறைவன் அடியார் வேடந்தாங்கி வந்து கணிகையொருத்தியை வேண்டுகின்றான். நகரில் ஒருத்தியுங் கிட்டாதவாறு செய்தவனும் அவனே. சொற் பிழைபடுமென்று மன்னன் தளர்ந்துழி, இளைய தேவியாகிய சல்லமா தேவி அடியார்பாற் செல்ல இசைகின்றாள். அவள் தீண்டிய அளவில் அடியார் திருவுருவம் குழவியாயிற்று. அரசன் ஆர்வத்தோடு எடுத்த அக்குழவியும் மறைந்தது. பின்னர், பெருமான் தானே மைந்தனாய் நின்று இறுதிக்கடன் ஆற்றுவதாக அருளினன் என்பது வழக்கு.

இதனைச் சோதனையில் வென்றான் பரிசு பெற்ற கதையெனச் சுருக்கியுரைப்பர் சிலர். அது பொருந்தாது; மன்னன் வேண்டியது நாடாள ஒரு மகவு; அஃது அவனுக்குக் கிட்டவில்லை. கையில் வந்த குழவியும் நில்லாது போயிற்று. பரிசே கருத்தாயின், இது குறைபட்ட பரிசென்றே கொள்ளல் வேண்டும்.

பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பவன் அதன் மாற்று அறியாதவன். இறைவன் அத்தன்மையன் அல்லன். ஆகலின், சோதனை அவன் அறிதற்பொருட்டன்று. உயிர் தன்னை அறிந்து பற்றுக் கழலுதற்பொருட்டேயாம். ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளே எனச் சித்தாந்தம் கூறுவது இக்கருத்துப்பற்றியே. ‘இல்லையென்னேன்’ என்ற விரதத்துள்ளும் ‘யான்’ என்பது ஒளிந்து நின்றது. கணிகையர் கிட்டாமை அதனைத் தகர்த்தது. மகவின்மேல் வைத்த ஆசையுள் ‘எனது’ என்பது நின்றது. குழவி மறைந்தமை அதனை நீக்கிற்று. வல்லாளன் கோபுரம் எடுத்த செருக்கு மன்னனை விட்டு அகலுந்துணையும் விழாக்காலத்துப் பெருமான் அவ்வாயில் வழியே எழுந்தருளவில்லை என்னும் தலவழக்கும் இதனையே வலியுறுத்தும்.

ஈண்டு உரைப்போர் பலர் விட்டுவிடும் குறையொன்றுண்டு. புகழனைத்தும் அரசனுக்கே வழங்கப்படுகின்றது. சொற் கொடுத்தவன் அவன். அச்சொல்லின் சுமையைத் தாங்கியவளோ சல்லமா தேவி. இயற்பகையார் வரலாற்றிலும் மனைவியாரின் இசைவே அத்தொண்டினை முற்றுவித்தது. எனினும் இயற்பகையார்பால் வேண்டுதலொன்றும் இல்லை. வல்லாளன்பால் ஏக்கமும் இருந்தது, தளர்ச்சியும் இருந்தது. அதனாலேயே இவ்வரலாறு எளிய மாந்தர்க்கு அணித்தாகின்றது. ஆயினும் இறைவன் குழவியானது தேவியின் கரத்திலேயாம் என்பதை மறத்தலாகாது.

இனி, இரண்டாம் வினா. இப்புராண மன்னனை ஹொய்சள வேந்தன் மூன்றாம் வீர வல்லாளன் என்றே பொதுவாகக் கொள்வர். துவாரசமுத்திரம் வடபுலப் படையெடுப்புக்களால் நலிந்தபின் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டிருந்த அவன், மதுரைச் சுல்தானொடு நிகழ்ந்த கண்ணனூர்ப் போரில் பிடிபட்டு 1342-43-ஆம் ஆண்டளவிற் கொல்லப்பட்டான். முற்றுகையிடப்பட்டோர்க்குத் தவணை கொடுத்திருந்தகாலை திடீரெனத் தாக்கப்பட்டான் என்றும், எண்பது வயதினனாகிய அவனது உடலின் தோல் மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதென்றும் இபின் பதூதா எழுதியுள்ளார். இத்தகைய முடிவுற்றவனை இறைவன் காத்தானென்பது யாங்ஙனம்?

வாக்கின் எல்லையை நோக்குக. வெற்றியும் நீடாயுளும் தருவதாகச் சொல்லப்படவில்லை. மைந்தனாய் நிற்பதே சொல்லப்பட்டது. மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு அண்ணாமலையார் எழுந்தருள, வல்லாளனுக்குத் திதி கொடுத்தல் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அது மாந்தர் நடத்தும் சடங்கேயன்றோ, இறைவன் வாய்மைக்குச் சான்றாமோ எனின், சான்றென்று காட்டுதல் ஈண்டுக் கருத்தன்று. இறைவனைப் புகழ்தலே நோக்கமாயின், வாளினின்று மன்னனைக் காத்தானென்று கதை புனைதல் எளிது. இத்தலத்தார் அவ்வாறு செய்திலர். தோல்வியைத் தோல்வியாகவும் சாவைச் சாவாகவும் வைத்து, அவற்றினிடையே முறியாது நின்ற உறவொன்றனையே போற்றினர். அந்நேர்மையே இவ்வழக்கின் வலிமை.

துன்பம் வாராதென்பது பத்தியின் துணிபன்று. வந்தவிடத்தும் பற்றியவன் கைவிடான் என்பதே அதன் துணிபாம். நாடாள மகனை வேண்டினான் வல்லாளன். நாடு போனபின்னும் மகனாய் நிற்பவனைப் பெற்றான். வேண்டியதும் பெற்றதும் வேறாயினமையைக் குறையென்னாது வரமெனக் காண்பார்க்கே இவ்வரலாறு பொருள் விளங்கும்.