வளைந்தால் விறைக்கும் தகடு
காட்டு மருத்துவப் பயிற்சி என்றதும் பாம்புக்கடியும் பனிச்சரிவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். என் மனம் நிற்பது, முறிந்த எலும்பை அசையாமல் தாங்கும் சாம் ஸ்பிளின்ட்டில். மெல்லிய அலுமினியத் தகடு, இருபுறமும் மெத்தென்ற நுரை. சுருட்டினால் பையின் மூலையில் அடங்கிவிடும். தட்டையாக இருக்கையில் துவண்டு தொங்கும். நீளவாக்கில் நடுவே பள்ளம் விழும்படி கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டே போனால், மெலிதாக நெறுநெறுத்து விறைத்து நிற்கும்.

கொலராடோ மலைச்சரிவில் மருத்துவ மாணவி ஒருத்தி அதை அடிபடாத கையில் வைத்துத்தான் முதலில் வளைத்துப் பார்ப்பாள். 'நோயாளி' சக மாணவன். முனகல் கொஞ்சம் மிகைதான். மணிக்கட்டின் குழிவில் துணி திணித்து, கட்டுப்போட்டு, இரத்த ஓட்டம் தடைபடவில்லையே என்று பார்க்க விரல் நகத்தை அழுத்தி விடுவாள். வெளுத்த நகத்தில் சுமார் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். குளிரில் தாமதமாகலாம்; மற்றக் கையோடும் ஒப்பிடுவாள். சந்தேகமா? முகம் சுளிக்காமல் அவிழ்த்து, மறுபடி கட்டுவாள்.